இறந்தோர் எங்கே? விவிலியம் தந்த விடைகளின் வரலாறு



நவம்பர் மாதம் நெருங்குகிறது. மரித்த விசுவாசிகளின் நினைவு நாளை ஒட்டி ஆண்டுதோறும் என்னிடம் வரும் கேள்விகளுள் ஒன்று இம்முறை சற்றுக் கூர்மையாகவே வந்தது. வீட்டுக் கதவைத் தட்டி, தமிழிலேயே அச்சிட்ட துண்டறிக்கை தந்து சென்றவர்கள், சபை உரையாளர் நூலின் 9ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். இறந்தவர்கள் எதையும் அறியார் என்னும் பொருள்பட அங்கே எழுதப்பட்டிருக்கிறது. தாயை அடக்கம் செய்து ஓராண்டுகூட நிறையாத ஒருவர் அதைப் படித்துவிட்டு வந்து கேட்டார்: "பாதர், பைபிளிலேயே இப்பிடி இருக்கு. அப்ப அம்மா இப்ப எங்க இருக்கிறா? நாங்கள் ஒப்புக்கொடுக்கிற பூசை எல்லாம் ஆருக்கு?"

கோவில் வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் விடை சொல்லக்கூடிய கேள்வியன்று இது. ஆகவே எழுதுகிறேன். பதிவு நீளமானது, பொறுமையோடு வாசியுங்கள்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். அந்த வசனம் அங்கே இருக்கிறது. அது தவறான மொழிபெயர்ப்பும் அன்று. மரணம், தீர்வை, மோட்சம், நரகம் என்று ஞானோபதேச வகுப்பில் மனனம் செய்து வளர்ந்த நாம், இவை நான்கும் தொடக்கநூலின் முதல் பக்கத்திலிருந்தே அப்படியே இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். இல்லை. பழைய ஏற்பாட்டின் மிகப் பெரும் பகுதி மோட்சத்தையும் நரகத்தையும் அறியாது. ஆபிரகாமும் மோசேயும் தாவீதும், இறந்தபின் கைம்மாறு கிடைக்கும் என்ற வாக்குறுதி ஏதுமின்றியே கடவுளை நம்பினார்கள். இதைச் சொன்னால் சிலர் திகைப்பார்கள். எனக்கோ இதில் அவர்களுடைய விசுவாசத்தின் உயரமே தெரிகிறது.

எபிரேய மொழியில் இறந்தோரின் இடத்துக்கு 'ஷியோல்' என்று பெயர். பழைய ஏற்பாட்டில் அச்சொல் ஏறத்தாழ 65 இடங்களில் வருகிறது. நமது தமிழ் விவிலியம் அதனைப் 'பாதாளம்' என்று பெயர்க்கிறது. தமிழ்க் காதுக்குப் பாதாளம் என்றவுடன் நரகம் நினைவுக்கு வரக்கூடும். ஆனால் ஷியோல் தண்டனைக்குரிய இடமன்று. நல்லவரும் தீயவரும் அரசரும் அடிமையும் எல்லோரும் அங்கேதான் இறங்கினார்கள். இருளும் மௌனமும் நிறைந்த, எவரும் திரும்பி வராத இடம் அது. மகன் யோசேப்பைக் கொடிய விலங்கு தின்றுவிட்டது என்று நம்பிய யாக்கோபு, துயரத்தோடு மகனிடம் பாதாளத்துக்கு இறங்குவேன் என்றே புலம்பினார். குலமுதல்வரே தமக்கு எதிர்பார்த்த இடம் அதுதான். சவுல் ஏன்தோரில் குறி சொல்லும் பெண்ணைக்கொண்டு சாமுவேலை அழைப்பித்தபோது, வந்தவர் தம்மை ஏன் தொந்தரவு செய்தாய் என்று சினந்தார். மாபெரும் இறைவாக்கினரும் அங்கே உறக்கத்தில்தான் இருந்தார்.

திருப்பாடல்களை ஆசிரியர்கள் பாடிய கருத்தோடு வாசித்தால் வேறொன்றும் புலப்படும். நோயுற்றவர் கடவுளிடம் வாதாடுகிறார்: நான் இறந்துபோனால் உம்மைப் புகழ ஓர் ஆள் குறைந்துவிடுமே, புழுதியா உம்மைப் போற்றும்? 6ஆம், 30ஆம், 115ஆம் திருப்பாடல்களில் இந்த வாதம் ஒலிக்கிறது. சாவுக்கு நெருங்கிய எசேக்கியா அரசரும் இதையே சொல்லி மன்றாடி, மேலும் 15 ஆண்டுகள் ஆயுள் பெற்றதை எசாயா நூல் சொல்கிறது. 88ஆம் திருப்பாடலோ ஒரு சொல் ஆறுதலும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. திருச்சபை அதை நீக்கவில்லை; இரவுச் செபத்தில் வெள்ளிக்கிழமைதோறும் குருக்களாகிய நாங்கள் அதைச் சொல்கிறோம்.

இத்தனைக்கும் இஸ்ரயேலர் மறுவாழ்வைப் பற்றி ஏதும் கேள்விப்படாதவர்கள் அல்லர். அவர்கள் அடிமைகளாய் இருந்த எகிப்து நாட்டைப் போல மரணத்துக்குச் செல்வமும் உழைப்பும் செலவழித்த நாடு வேறில்லை. உடலைப் பதப்படுத்துவது, இறந்தவரின் இதயத்தைத் தராசில் நிறுப்பது, கல்லறைக்குள் உணவும் படகும் வைப்பது என எல்லாவற்றையும் அவர்கள் கண்ணால் கண்டவர்கள். ஆனால் மோசேயின் சட்டம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. இறந்தோரிடம் குறி கேட்பதை இணைச்சட்டம் தடுக்கிறது. பிணத்தைத் தொட்டவர் ஏழு நாள் தீட்டுள்ளவர் என்கிறது எண்ணிக்கை நூல். நெருங்கிய உறவினர் தவிர வேறு எவருடைய பிணத்தின் அருகிலும் குரு செல்லலாகாது என்கிறது லேவியர் நூல். மரணச் சடங்குக்கு முதல் ஆளாய்க் குருவை அழைக்கும் நமக்கு இது வியப்பாக இருக்கும். சாவைச் சுற்றி ஒரு மதத்தைக் கட்டியெழுப்ப மறுத்தது அந்த மக்களின் தனித்தன்மை. அவர்களின் கடவுள் வாழ்வோரின் கடவுள். பார்வோனின் மம்மிகளைக் காவல் காக்கும் தெய்வமல்லர்.

அதற்காக இறந்தோரை மறந்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். எபிரோனுக்கு அருகில் மக்பேலா குகையை இத்தியரான எப்ரோனிடமிருந்து 400 செக்கேல் வெள்ளிக்கு ஆபிரகாம் வாங்கினார். வாக்களிக்கப்பட்ட நாட்டில் அவருக்குச் சட்டப்படி சொந்தமான முதல் நிலம் மனைவிக்கு வாங்கிய கல்லறைதான். எகிப்தில் இறந்த யாக்கோபு, தம்மை அங்கே புதைக்கலாகாது என்று பிள்ளைகளிடம் ஆணை வாங்கினார், மக்பேலாவுக்கே கொண்டுபோனார்கள். யோசேப்பின் எலும்புகளோ தலைமுறைகள் கடந்து, மோசேயோடு பாலைநிலம் கடந்து, இறுதியில் செக்கேமில் அடக்கம் பெற்றன. அந்நிய நாட்டில் கண்மூடுவோரின் கடைசி ஆசை விவிலியத்துக்குப் புதியதன்று.

இறந்தவர் 'தம் மக்களோடு சேர்க்கப்பட்டார்' என்று தொடக்கநூல் சொல்கிறதே, அதன் பொருளை அகழாய்வும் ஓரளவு காட்டுகிறது. யூதேயாவின் பழைய குடும்பக் கல்லறைகள் பாறையில் குடையப்பட்ட அறைகள். உள்ளே கல் திண்ணைகள் இருக்கும். உடலை அதன்மேல் கிடத்துவார்கள். தசை அழிந்து எலும்பு மட்டும் எஞ்சியபின், அடுத்தவருக்கு இடம் வேண்டும்போது, அவ்வெலும்புகளை அறையின் அடியில் உள்ள குழியில், தாத்தா பாட்டியின் எலும்புகளோடு சேர்த்துவிடுவார்கள். 1979இல் கபிரியேல் பர்காய் என்னும் தொல்லியலாளர் எருசலேமின் கேத்தேப் இன்னோம் என்ற இடத்தில் அத்தகைய குழியொன்றைக் கொள்ளை போகாத நிலையில் கண்டார். எலும்புகளுக்கு இடையே சுருட்டப்பட்ட இரு சிறு வெள்ளித் தகடுகள் கிடந்தன. விரித்துப் படித்தால், எண்ணிக்கை நூலின் 6ஆம் அதிகாரத்தில் உள்ள குருத்துவ ஆசியுரை! ஏறத்தாழ 2600 ஆண்டுகள் பழமையானவை அவை. விவிலிய வாசகத்துக்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று. ஷியோலில் கடவுளின் புகழ் ஒலிக்காது என்று பாடிய அதே மக்கள், அவருடைய ஆசியைக் கல்லறைக்குள் தங்களோடு கொண்டுபோயிருக்கிறார்கள். கோட்பாட்டுக்கு எட்டாத ஒன்றை அவர்களின் கை செய்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அக்கல்லறை நோக்கியிருக்கும் பள்ளத்தாக்கின் பெயர் இன்னோம். அங்கே பிள்ளைகளை நெருப்பில் பலியிட்ட கொடுமையை எரேமியா கண்டித்தார். இயேசு நரகத்தைக் குறிக்கப் பயன்படுத்திய 'கெகென்னா' என்னும் சொல் அப்பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்ததே. எருசலேமின் குப்பைகள் அணையாமல் எரிந்துகொண்டிருந்த இடம் அது என்று பல மறையுரைகளில் கேட்டிருப்பீர்கள். அந்தக் குப்பைமேட்டுக் கதை இயேசுவுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, இடைக்கால யூத உரையாசிரியர் தாவீது கிம்கியிடம்தான் முதலில் காணப்படுகிறது. பிள்ளைகளை எரித்த இடம் என்பதே போதிய அச்சம் தருவது, குப்பை தேவையில்லை.

அப்படியானால் உயிர்த்தெழுதல் நம்பிக்கை எப்போது தோன்றியது? இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும்.

பழைய இஸ்ரயேலின் நீதிக் கணக்கு இம்மையிலேயே தீர்க்கப்பட்டது. கட்டளையைக் கடைப்பிடித்தால் நீண்ட ஆயுள், பிள்ளைகள், விளைச்சல். மீறினால் நோய், பஞ்சம், அகால மரணம். கணக்கு ஒத்துவராது என்று யோபு கதறினார். வெட்டிய மரம்கூடத் தண்ணீர் வாசனை பட்டால் துளிர்க்கும், மனிதன் அப்படியன்றே என்று ஏங்கினார். கி.மு. 587இல் எருசலேம் அழிந்து மக்கள் நாடு கடத்தப்பட்டபின், உலர்ந்த எலும்புகள் எழுந்து நிற்கும் காட்சியை எசேக்கியேல் கண்டார். ஆனால் அந்த எலும்புகள் இஸ்ரயேல் வீட்டார் என்று அவரே விளக்கம் தருகிறார். அது ஓர் இனம் நாடு திரும்புவதைப் பற்றிய காட்சி. தனி மனிதர் கல்லறையிலிருந்து எழுவதைப் பற்றியதன்று. விதை விழுந்துவிட்டது, முளைக்கவில்லை.

கி.மு. 180 அளவில் எருசலேமில் எழுதிய சீராக்கின் ஞான ஆசிரியர் இன்னமும் பழைய கருத்திலேயே இருக்கிறார். இறந்தவருக்காக அழு, முறைப்படி அடக்கம் செய், ஊரார் பழி சொல்லாதபடி ஓரிரு நாள் துக்கம் காத்துக்கொள், பிறகு தேறிவிடு. அவர் திரும்பி வரப்போவதில்லை என்கிறார். (ஊர் வாய்க்கு அஞ்சித் துக்கம் காப்பது நம்மவர் கண்டுபிடிப்பு அல்ல என்பது இதனால் தெளிவு.)

அவர் எழுதிப் பதினைந்து ஆண்டுகள் அளவில் எல்லாம் புரண்டது. கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கு கி.மு. 167இல் எருசலேம் கோவிலைத் தீட்டுப்படுத்தினான். விருத்தசேதனத்தையும் ஓய்வுநாளையும் தடைசெய்தான். ஓய்வுநாளில் ஆயுதம் எடுக்க மறுத்துப் பாலைநிலத்தில் ஆயிரம் பேர் வெட்டுண்டு மடிந்தார்கள் என்கிறது மக்கபேயர் முதல் நூல். பழைய கணக்கு இங்கே முற்றிலும் உடைந்தது. கட்டளையை மீறியவன் பிழைத்தான். கடைப்பிடித்தவன், கடைப்பிடித்த காரணத்தினாலேயே செத்தான். அவர்களும் அவர்களைக் கொன்றவர்களும் ஒரே பாதாளத்தில் ஒரே மௌனத்தில் கிடப்பார்கள் என்றால், கடவுள் நீதியுள்ளவர் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

அந்த நாள்களிலேயே தானியேல் நூலின் 12ஆம் அதிகாரம் விடை சொன்னது: மண்ணில் உறங்குவோருள் பலர் விழித்தெழுவர், சிலர் நிலைவாழ்வுக்கு, சிலர் இழிவுக்கு. 'எல்லோரும்' என்று அது சொல்லவில்லை, 'பலர்' என்கிறது. கேள்வி எழுந்தது கொல்லப்பட்டவர்களையும் கொன்றவர்களையும் பற்றித்தானே. பாரசீகர் ஆட்சிக் காலத்தில் அவர்களின் சமயத்திலிருந்து இக்கருத்து வந்திருக்கலாம் என்று கூறும் அறிஞர் உண்டு. சொற்களும் உருவகங்களும் வந்திருக்கலாம். ஆனால் பசி இல்லாத வீட்டுக்கு யாரும் சோறு வாங்கிவருவதில்லை. அந்தப் பசி இஸ்ரயேலின் சொந்தப் பசி.

மக்கபேயர் இரண்டாம் நூலின் 7ஆம் அதிகாரத்தை இந்த மாதத்தில் ஒருமுறை வீட்டில் வாசியுங்கள். ஒரு தாயின் கண்முன்னே ஏழு மகன்களைச் சித்திரவதை செய்து கொல்கிறார்கள். மூன்றாமவன் கைகளை நீட்டுகிறான். இவற்றை விண்ணகத்திடமிருந்து பெற்றேன், மீண்டும் அங்கிருந்தே பெறுவேன் என்கிறான். அந்தத் தாய் சொல்வது இன்னும் ஆழமானது. நீங்கள் என் கருவறையில் எப்படி உருவானீர்கள் என்று நான் அறியேன், உங்களுக்கு உயிரைக் கொடுத்தவள் நானல்ல. கொடுத்தவரே திரும்பத் தருவார் என்கிறாள். ஆன்மா அழியாதது என்ற தத்துவத்திலிருந்து அவள் தொடங்கவில்லை. படைத்தவரின் நேர்மையிலிருந்து தொடங்குகிறாள். விவிலியத்தில் உடலின் உயிர்ப்பு இவ்வளவு வெளிப்படையாக முதன்முறை அறிக்கையிடப்படுவது, வெட்டப்பட்டு வறுக்கப்பட்டு முறையான கல்லறை ஒன்றும் சொல்லப்படாத உடல்களைக் குறித்தே என்பதைக் கவனியுங்கள்.

அதே நூலின் 12ஆம் அதிகாரத்தில்தான் நம் பூசை யாருக்கு என்ற கேள்விக்கும் அடி கிடக்கிறது. போரில் மாண்ட வீரர்களை அடக்கம் செய்யப் போனபோது, அவர்களின் ஆடைக்குள் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்துகள் கண்டெடுக்கப்பட்டன. யூதா மக்கபே அவர்களைச் சபித்து விட்டுவிடவில்லை. 2000 வெள்ளித் திராக்மா திரட்டி, அவர்களுக்காகப் பாவம்போக்கும் பலி செலுத்த எருசலேமுக்கு அனுப்பினார். உயிர்த்தெழுதல் இல்லையெனில் இறந்தோருக்காக மன்றாடுவது வீண் என்று நூலாசிரியரே சுட்டுகிறார். 1519இல் லைப்சிக் நகரில் யோகான் எக் இப்பகுதியைக் காட்டி வாதாடியபோது, அந்நூலுக்குத் திருமுறை அதிகாரம் இல்லை என்றார் லூத்தர். திரெந்துப் பொதுச்சங்கம் 1546இல் அதைத் திருமுறை நூலாக உறுதிசெய்தது. சீர்திருத்த சபைக் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்ட நம் பிள்ளைகள் தங்கள் புகுந்த வீட்டு வேதாகமத்தில் மக்கபேயரைத் தேடிக் காணாமல் குழம்புவதன் காரணம் இதுதான்.

இயேசுவின் காலத்தில் இது தீராத வழக்கு. பரிசேயர் உயிர்ப்பை நம்பினர். கோவிலைக் கையில் வைத்திருந்த சதுசேயர் மறுத்தனர். உடலோடு ஆன்மாவும் அழியும் என்பது சதுசேயர் கொள்கை என்கிறார் வரலாற்றாசிரியர் யோசேப்பு. ஏழு சகோதரரை அடுத்தடுத்து மணந்த பெண், உயிர்த்தெழும்போது யாருக்கு மனைவி என்று அவர்கள் கேட்டது அறியும் ஆவலால் அன்று, கேலி. இயேசு தானியேலையோ மக்கபேயரையோ காட்டவில்லை. சதுசேயர் ஏற்ற மோசேயின் நூலிலிருந்தே, முட்புதர் நிகழ்ச்சியைக் காட்டினார்: ஆபிரகாமின், ஈசாக்கின், யாக்கோபின் கடவுள் என்று ஆண்டவர் தம்மை அறிமுகம் செய்கிறார் என்றால், அவர்கள் அவருக்கு இன்னும் வேண்டியவர்களாக இருக்கிறார்கள். கடவுள் ஒருவரோடு கொண்ட உறவைச் சாவு முறித்துவிட முடியாது. அந்தத் தாயின் வாதமும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

பிறகு அவரே இறந்தார். திருத்தூதர்களின் விசுவாச அறிக்கையில் அவர் பாதாளத்தில் இறங்கியதை ஒவ்வொரு முறையும் சொல்கிறோமே, அது நரகமன்று. இந்தப் பதிவின் தொடக்கத்தில் சொன்ன ஷியோல்தான். திருப்பாடல் ஆசிரியர் கடவுளின் புகழ் கேட்காது என்று அஞ்சிய அந்த இடத்துக்கே அவர் போனார். பெரிய சனிக்கிழமையின் மறைபொருள் இதுவே. சபை உரையாளரின் வசனத்துக்கு என் விடையும் இதுவே: அவர் தம் காலத்தில் தமக்குத் தெரிந்த உண்மையை ஒளிக்காமல் எழுதினார். அவர் எழுதிய பக்கத்தில் விவிலியம் முடிந்துவிடவில்லை.

புதிய ஏற்பாட்டு நூல்களுள் மிகப் பழமையானதாகப் பலரும் கருதுவது, கி.பி. 50 அளவில் பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் கடிதம். அதிலேயே துக்க வீட்டின் கேள்வி இருக்கிறது: ஆண்டவர் வருமுன் இறந்துபோன நம்மவர் கதி என்ன? அழாதீர்கள் என்று பவுல் சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப் போல அழவேண்டாம் என்கிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது விதைக்கும் பயிருக்கும் உள்ள உறவைக் காட்டுகிறார். பிலிப்பியருக்கு எழுதும்போது, பிரிந்துபோய்க் கிறிஸ்துவோடு இருக்க விரும்புகிறேன் என்கிறார். இறப்புக்கும் இறுதி நாளுக்கும் இடையில் என்ன என்பதைத் திருச்சபை பின்னும் நெடுங்காலம் சிந்தித்தது. 1331இல் திருத்தந்தை 22ஆம் யோவான், புனிதர்கள்கூட இறுதித் தீர்வைக்குப் பின்னரே கடவுளை நேருக்குநேர் காண்பர் என்று மறையுரை ஆற்ற, பாரிசு இறையியலாளர்கள் எதிர்த்தார்கள். அவர் தம் மரணப் படுக்கையில் கருத்தை மாற்றிக்கொண்டார். அடுத்து வந்த 12ஆம் பெனடிக்ட் 1336இல், தூய்மை பெற்ற ஆன்மாக்கள் தீர்வை நாள்வரை காத்திராமல் இறைவனைக் காண்கின்றன என்று வரையறுத்தார். அம்மா எங்கே என்று கேட்டவருக்கு நம் திருச்சபையின் விடை அது. தூய்மையாக்கம் தேவைப்படின் நம் திருப்பலி துணைபோகிறது.

இறுதியாக, நடைமுறையான இரண்டு கவலைகள். இங்கே ஜெர்மனியில் சேமக்காலை நிலம் நமக்குச் சொந்தமாவதில்லை. ஊருக்கு ஊர் மாறுபட்டாலும், பொதுவாக 20 ஆண்டுகள் அளவில் தவணை முடிகிறது; நீட்டிக்காவிட்டால், அல்லது நீட்டிக்க முடியாத இடமாயின், வேறொருவருக்குப் போய்விடும். ஊரில் தலைமுறையாய்க் கல்லறை கட்டி வெள்ளையடித்தவர்களுக்கு இது நெஞ்சை அறுக்கும். யூதேயாவின் திண்ணைக் கல்லறையை நினையுங்கள். அங்கும் எவரும் கிடத்திய இடத்திலேயே கிடக்கவில்லை. தகனம் பற்றியும் கேட்கிறீர்கள். உயிர்ப்பை மறுக்கும் நோக்கம் இல்லையெனில் திருச்சபை 1963 முதல் அதை அனுமதிக்கிறது. அடக்கமே சிறந்தது என்றும் பரிந்துரைக்கிறது. 2016இல் உரோமை வெளியிட்ட அறிவுறுத்தல் சாம்பலைக் கடலில் கரைப்பதையும் காற்றில் தூவுவதையும் ஏற்கவில்லை. புனித இடத்தில் வைக்கும்படி கேட்கிறது.

இறந்தோர் பெயர்களை நவம்பர் திருப்பலிகளில் வாசிப்பதற்கான படிவம் வழக்கம்போலக் கோவில் பின்புற மேசையில் இருக்கிறது. பெயர், இறந்த திகதி, அடக்கம் செய்த இடம் என்று மூன்று கட்டங்கள் உண்டு. போரில் காணாமற்போனவர்களுக்காகவும், உடல் கிடைக்காதவர்களுக்காகவும் எழுதுவோர் பின் இரண்டு கட்டங்களைக் காலியாக விடலாம். பெயர் மட்டும் தெளிவாக எழுதுங்கள்.

செபத்தில் உங்களை நினைக்கும்,
உங்கள் பங்குத்தந்தை